வெண்டைக்காய்க்காரியின் பத்து விரல்கள்

வெண்டைக்காய்க்கு லீவு கிடையாது. ஒரு நாள் பறிக்காமல் விட்டால் மறுநாள் அது காயல்ல, குச்சி. வாங்க வருகிறவள் நுனியை ஒடித்துப் பார்ப்பாள், ஒடியாது, முகத்தைச் சுளித்துக்கொண்டு அடுத்த கூடைக்குப் போய்விடுவாள். அதனால்தான், அப்பாவின் நிலத்தில் தனக்குள்ள பங்கைத் தம்பிக்கு எழுதிக்கொடுக்கப் பத்திர ஆபீசுக்குப் போக வேண்டிய அன்றைக்கும், வெண்டைக்காய்க்காரி விடிந்ததும் விடியாததுமாகச் செடிகளுக்குள் இறங்கி இரண்டு கூடை பறித்துப் போட்டுவிட்டுத்தான் குளிக்கப் போனாள்.

சந்தையில் அவளுக்கு அதுதான் பேர். பெற்றவர்கள் வைத்த பேர் வீட்டோடு தங்கிவிட்டது. மூன்று பிள்ளைகளில் அவள் நடுவில் பிறந்தவள். மேலே பெரியவள், கீழே தம்பி. நடுவில் பிறந்தவளுக்கு மூத்தவளின் பழைய துணியும் இளையவனின் அழுகையும்தான் பங்கு. தம்பி நடக்கப் பழகுகிறவரைக்கும் அவள் இடுப்பில்தான் இருந்தான். நடக்கப் பழகின பிறகும் இறங்க மாட்டேன் என்று அடம் பிடித்தான். அதைச் சொல்லிச் சிரிப்பது அவளுக்கு இன்றைக்கும் பிடிக்கும்.

கட்டிக்கொடுத்த இடத்தில் ஆறு வருஷம் வாழ்ந்தாள். புருஷன் லாரி ஓட்டப் போனவன், ஒரு மழை நாளில் லாரியோடு போய்ச் சேர்ந்தான். பிள்ளை இல்லை. மாமியார் வீட்டில் ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசினார்கள், அடுத்த மாதம் பேசவில்லை. ஒரு பையைத் தூக்கிக்கொண்டு அப்பாவிடம் வந்துவிட்டாள். வந்து பார்த்தால் ஒண்ணரை ஏக்கரும் முள் மண்டிக் கிடக்கிறது. தம்பி டவுனில் செல்போன் கடை வைத்துவிட்டான். அப்பாவுக்கு முழங்காலில் தெம்பு இல்லை. சும்மா உட்கார்ந்து சோறு தின்ன அவளுக்குத் தெரியாது. மண்வெட்டியை எடுத்தாள்.

முதல் வருஷம் முள்ளும் கல்லும்தான் அறுவடை. இரண்டாம் வருஷம் கொஞ்சம் சோளம். மூன்றாம் வருஷம் மிளகாயும் வெண்டையும். அதன் பிறகு நிலம் அவள் பேச்சைக் கேட்க ஆரம்பித்தது. நடுவில் அப்பா படுத்த படுக்கையானார். ஐந்து வருஷம் அவரையும் பார்த்தாள், செடியையும் பார்த்தாள். "நீயே பயிர் பண்ணிச் சாப்பிடும்மா"ன்னு அவர் வாயால் சொன்னார். வாயால் சொன்னதோடு சரி. ஒரு காகிதத்தில் நாலு வரி எழுதி வைக்க வேண்டும் என்று அவருக்கும் தோன்றவில்லை, கேட்க வேண்டும் என்று இவளுக்கும் தோன்றவில்லை.

நிலத்துக்குள் நிற்கிறவரைக்கும் அவள் விவசாயி. ரோட்டில் ஏறிவிட்டால் அவள் யாரோ. ஒரு வருஷம் ஆலங்கட்டி மழை பெய்து அத்தனை செடியும் தரையோடு படுத்துவிட்டது. நிவாரணத்துக்குப் பேர் எழுத வந்த ஆள் வரப்பில் நின்றுகொண்டு கேட்டான்.

"பட்டா யார் பேர்ல இருக்கு?"

"எங்கப்பா பேர்லங்க."

"அவரைக் கூப்பிடுங்க."

"அவர் போய்ச் சேர்ந்து ரெண்டு வருஷமாச்சு."

"அப்ப அவர் மகனைக் கூட்டிட்டு வாங்க."

சேற்றில் முழங்கால்வரை நிற்கிறவள் மகள் என்பது அவன் கண்ணில் படவே இல்லை. தம்பி டவுனிலிருந்து வந்தான், கையெழுத்துப் போட்டான், டீ குடித்தான், போனான். சொட்டுநீர்க் குழாய் கேட்டுப் போனபோதும் இதே கதை. விதை வாங்கப் போனாலும் இதே கதை. ஒவ்வொரு ஆபீஸ் ஜன்னலாக நின்று நின்று சர்வே நம்பர் இருநூற்றுப் பதினேழு என்பது அவளுக்குத் தூக்கத்தில்கூட மனப்பாடமாகிவிட்டது.

அதைப் பிடித்துக்கொண்டுதான் தம்பி பேச வந்தான். "அக்கா, மூணு பேர் பேரும் இருந்தா எதுக்கெடுத்தாலும் மூணு பேரும் அலையணும். ஒருத்தர் பேர்ல மாத்திட்டா வேலை சுலபம். பேர்தான் என்னோடது, நிலம் உன்னோடது. நீ இருக்கிறவரைக்கும் நீதான் பயிர் பண்ணப்போற. உன்னை யார் கேக்கப்போறா?"

பெரியவள் போன மாதமே போய்த் தன் பங்கை எழுதிக்கொடுத்துவிட்டாள். அவளுக்கு மூன்று பெண்கள், ஒன்றின் கல்யாணம் நெருங்குகிறது. தாய்மாமன் வந்து முன்னால் நிற்க வேண்டும். "கூடப்பொறந்தவன் வேணும்டி. நிலமா வந்து நம்மளைத் தூக்கிப் போடப்போகுது?" என்றாள். ஊரில் எல்லாப் பெண்களும் செய்வதுதான். கல்யாணமானவள் பிறந்த வீட்டு மண்ணில் பங்கு கேட்டால், கேட்ட அன்றைக்கே பிறந்த வீடு சாத்திக்கொள்ளும். பங்கா, வாசலா என்று யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. கேட்காமலே பதில் சொல்லிவிடுகிறார்கள்.

வெண்டைக்காய்க்காரியும் சரி என்றாள். ஆனால் சரி என்று சொன்ன நாளிலிருந்து ராத்திரியில் எழுந்து எழுந்து வரப்பில் போய் நின்றாள். அது பயம். அதற்கு வேறு பேர் வைத்து என்ன ஆகப்போகிறது?

அன்றைக்குத் தம்பி காரோடு வந்தான். புதுப் புடவை ஒன்று வாங்கி வந்திருந்தான். பெரியவளும் துணைக்கு ஏறிக்கொண்டாள். கார் ரோட்டில் ஏறியதும் தம்பி மணி பார்த்தான். இரண்டு கிலோமீட்டருக்கு ஒரு தடவை மணி பார்த்தான். "பதினொண்ணுக்கு டோக்கன். அஞ்சு நிமிஷ வேலைக்கா. போட்டோ எடுப்பாங்க, விரல் வைக்கச் சொல்லுவாங்க, கையெழுத்து, அவ்வளவுதான். நேரா வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டுடறேன்."

"எனக்கென்ன அவசரம், சாயங்காலம்தான் தண்ணி கட்டணும்."

"இல்லக்கா, வெயில்ல நீ ஏன் அங்க உக்காந்துட்டு?"

அவள் வெயிலில் உட்காரக்கூடாது என்று இத்தனை வருஷத்தில் ஒருத்தர்கூடக் கவலைப்பட்டதில்லை. அவளுக்கு அது விசித்திரமாகத்தான் பட்டது. ஆனால் புதுப் புடவை மடியில் இருக்கும்போது சந்தேகப்பட மனசு வரவில்லை.

பத்திர ஆபீசில் கூட்டம் நெருக்கியடித்தது. நடைபாதையில் பெஞ்சுகள், பெஞ்சுகளில் ஆட்கள், ஆட்கள் மடியில் கோப்புகள். உள்ளே ஒரு நீள மேசை. மேசைக்கு அந்தப் பக்கம் பதிவாளர் அம்மா, கண்ணாடி மூக்கு நுனிக்கு இறங்கியிருந்தது. இந்தப் பக்கம் ஒரு கேமராவும், சோப்புப்பெட்டி அளவில் விரல் ரேகை பிடிக்கிற ஒரு சின்ன மெஷினும். பத்திரம் எழுதுகிறவர் காகிதத்தை நீட்டி, சடங்குக்குப் படித்தார். இன்னாரின் மகளாகிய, வீட்டு வேலை செய்து வரும் நான், யாருடைய தூண்டுதலும் இன்றி, மனமுவந்து, உடன்பிறப்பின் மேலுள்ள அன்பினால்... அவர் அதை ஆயிரம் தடவை படித்தவர். மூச்சு விடுகிற இடம்கூட மாறவில்லை.

"வலது கட்டைவிரல் வைங்க" என்றார் கம்ப்யூட்டர்காரர்.

வைத்தாள். சிவப்பு.

"கொஞ்சம் அழுத்தி."

சிவப்பு.

"இடது கட்டைவிரல்."

சிவப்பு. ஆள்காட்டி விரல். சிவப்பு. நடுவிரல். சிவப்பு. ஒவ்வொரு விரலுக்கும் மெஷின் ஒரு சின்னச் சத்தம் போட்டது, குழந்தை சாப்பாட்டைத் துப்புகிற மாதிரி. பத்து விரலும் முடிந்தது. ஒன்றுகூடப் பதியவில்லை. பின்னால் நின்ற தம்பி கால் பெருவிரல் நுனியில் எக்கி எக்கிப் பார்த்தான். அவன் வாங்குகிறவன், அவனும் விரல் வைக்க வேண்டும். அவன் வைத்ததும் பச்சை எரிந்தது. செல்போன் கடை விரல், பளிங்கு மாதிரி.

பதிவாளர் அம்மா கையை நீட்டினார். "காட்டுங்க."

வெண்டைக்காய்க்காரி உள்ளங்கையைக் காட்டினாள். விரல் நுனிகளில் ரேகையே இல்லை. வெண்டைச் சுணை தினமும் அறுத்து அறுத்து, களைபிடுங்கிப் பிடுங்கி, மண்வெட்டிக் காம்பு தேய்த்துத் தேய்த்து, தோல் வழுவழுவென்று கெட்டிப்பட்டிருந்தது. அன்றைக்குக் காலையில் பறித்தபோது பட்ட கீறல்கள்மட்டும் புதுசாகச் சிவந்திருந்தன. அந்த அம்மா கையையும் பார்த்தார், பத்திரத்தையும் பார்த்தார்.

"தொழில் வீட்டு வேலைன்னு போட்டிருக்கு?"

பத்திரம் எழுதுகிறவர் தலையைச் சொறிந்தார். "பொம்பளைங்களுக்கு எல்லாம் அப்படித்தான் மேடம் போடறது."

"வெந்நீர்ல கொஞ்ச நேரம் ஊற வெச்சு, எண்ணெய் தேச்சுக் கூட்டிட்டு வாங்க. பன்னெண்டரைக்குள்ள வந்தா இன்னைக்கே பாக்கறேன். அடுத்த டோக்கன் கொஞ்சம் தள்ளிப் போகட்டும்."

அடுத்த டோக்கன் என்றதும் தம்பியின் முகம் வெளிறிப்போனதை அவள் கவனித்தாள். ஏன் என்று புரியவில்லை.

எதிர் டீக்கடையில் ஒரு கிண்ணம் வெந்நீர் வாங்கினார்கள். மர பெஞ்சில் உட்கார்ந்து அவள் இரண்டு கையையும் அதில் விட்டுக்கொண்டாள். பத்து நிமிஷம் ஆனதும் தம்பி தரையில் குந்தி உட்கார்ந்து, அவள் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்து எண்ணெய் தேய்த்தான். டவுனில் கடை வைத்திருக்கிறவன், இஸ்திரி போட்ட சட்டை அழுக்காவதைப் பற்றிக்கூடக் கவலைப்படவில்லை. அவன் அவள் கையைப் பிடித்து முப்பது வருஷத்துக்கு மேல் இருக்கும். தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். இவன் நம் பிள்ளை, இவனைப் போய்ச் சந்தேகப்பட்டோமே என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

"வலிக்குதாக்கா?"

"இல்லடா."

"எப்படித்தான் இப்படி ஆச்சு உனக்கு?" என்று விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவனுக்கு உண்மையாகவே தெரியவில்லை. ஒரு நாளாவது ஒரு காய் பறித்திருந்தால், அஞ்சு நிமிஷத்தில் முடியும் என்று நம்பி அடுத்தடுத்து டோக்கன் போட்டிருக்க மாட்டான்.

அப்போதுதான் ஆபீஸ் பக்கமிருந்து சூளைக்காரர் வந்தார். அவரை அவளுக்கு நன்றாகத் தெரியும். அவள் நிலத்துக்குக் கிழக்கே இருந்த நிலத்தைப் போன வருஷம் வாங்கியவர். செங்கல் அறுக்க மேல்மண்ணை வெட்டி வெட்டி, இப்போது அங்கே ஆள் நின்றால் தலைமட்டும் தெரியும் அளவுக்குப் பள்ளம். மழை பெய்தால் குட்டை. புல்கூட முளைக்காது.

"என்ன தம்பி, உங்க வேலை முடிஞ்சுதா? அடுத்தது நம்ம டோக்கனாச்சே."

தம்பி எழுந்தான். "நீங்க உள்ள இருங்க, நான் வந்துடறேன்."

சூளைக்காரர் நல்ல மனுஷன். அதுதான் விஷயமே. அவர் இவள் பக்கம் திரும்பி மரியாதையாகச் சொன்னார்: "நீங்க கவலைப்படாதீங்கம்மா. செடியில காய் இருக்குன்னு தம்பி சொன்னாரு. பறிச்சு முடிக்க ஒரு வாரம் டைம் தர்றேன். அதுக்கு முன்னாடி மண் வெட்டற மெஷினை இறக்க மாட்டேன்."

சொல்லிவிட்டு டீ சொல்லப் போய்விட்டார்.

வெந்நீர் ஆறிப்போயிருந்தது. வெண்டைக்காய்க்காரி தம்பியைப் பார்த்தாள். அவன் கீழே பார்த்தான். பெரியவள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்னடா சொல்றாரு அவரு?" என்று பெரியவள்தான் கேட்டாள்.

"அக்கா, உள்ள போய்ப் பேசிக்கலாம்."

"இங்கயே சொல்லு."

"என்னை என்ன பண்ணச் சொல்றீங்க? நீங்க ரெண்டு பேரும் பொம்பளைங்க. நாளைக்கு அக்காவுக்கு முடியாமப் போனா அதை யார் பாக்கறது? எனக்குப் பக்கத்து ஊர்ல ஒரு இடம் வருது, பெருசா ஒரு கடை போடலாம். அக்காவை விட்டுடுவேனா? என் வீட்டு மாடியில ஒரு ரூம் இருக்கு. ஒரு வேலையும் பாக்க வேணாம். உக்காந்து சாப்பிடலாம்."

"நிலம் உன்னோடதுன்னியேடா" என்றாள் வெண்டைக்காய்க்காரி.

"பேச்சுக்கு ஆயிரம் சொல்றதுதான். அப்பா நிலம், ஆம்பளைப் புள்ளைக்குத்தான் வரும். ஊர்ல யாரை வேணா கேளு." குரல் உயர்ந்தது, பக்கத்து பெஞ்சுக்காரர் திரும்பினார், குரல் இறங்கியது. "அக்கா, உன் கால்ல விழறேன். அவர்கிட்ட வாக்குக் குடுத்துட்டேன். இன்னைக்கு நீ மாட்டேன்னா, நம்ம உறவு இதோட போச்சு. யோசிச்சுக்க."

யோசிக்கவும் அவளால் முடியவில்லை. கோபம் வந்திருந்தால்கூடத் தேவலை. வந்ததெல்லாம் பயம்தான். காலையில் பறித்த செடிகள் ஞாபகம் வந்தன. அந்த மண்ணில் ஒவ்வொரு கல்லையும் அவள் கையால் பொறுக்கிப் போட்டிருக்கிறாள். எந்த மூலையில் தண்ணீர் தேங்கும், எந்த மூலையில் எறும்புப் புற்று என்று அவளுக்குத் தெரியும். அதெல்லாம் ஒரு வாரத்தில் லாரியில் ஏறிப் போய்விடும். இன்னொரு பக்கம், இடுப்பில் உட்கார்ந்து இறங்க மாட்டேன் என்று அழுத குழந்தை. இரண்டுக்கும் நடுவில் அவள்.

"மணி பன்னெண்டு இருபது" என்று பத்திரம் எழுதுகிறவர் வந்து கூப்பிட்டார்.

அவள் எழுந்து நடந்தாள். சம்மதித்து நடந்தாளா, கால் தானாக நடந்ததா என்று பின்னால் கேட்டபோதும் அவளால் சொல்ல முடியவில்லை. இத்தனை வருஷமாக யார் கூப்பிட்டாலும் எழுந்து போய்ப் பழகின கால்.

மறுபடியும் அந்த நீள மேசை. தம்பி அவள் தோளுக்குப் பின்னால். சூளைக்காரர் கதவோரத்தில், கையில் கோப்போடு. வலது கட்டைவிரலை வைத்தாள். சிவப்பு. இடது. சிவப்பு. தம்பியின் மூச்சு அவள் கழுத்தில் சுட்டது. பதியக்கூடாது, பதியக்கூடாது என்று அவள் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டாள். மெஷின் மாட்டேன் என்று சொல்லிவிட்டால் அவள் சொல்ல வேண்டியதில்லை அல்லவா? உறவும் போகாது, நிலமும் போகாது, பழி மெஷின்மேல்.

"மோதிர விரல்" என்றார் கம்ப்யூட்டர்காரர்.

பச்சை எரிந்தது.

தம்பி "அப்பாடா" என்றான். பெரியவள் கண்ணை மூடிக்கொண்டாள். கம்ப்யூட்டர்காரர் சலித்துப்போனவர்போலத் தட்டச்சு செய்தார். பதிவாளர் அம்மா பத்திரத்தைத் தன் பக்கம் இழுத்து, தலை நிமிராமல், எல்லாரிடமும் கேட்கிற கேள்வியைக் கேட்டார்.

"உங்க பங்கை முழு சம்மதத்தோட விட்டுக்கொடுக்கறீங்களா?"

"சம்மதம்தான் மேடம்" என்றான் தம்பி.

அந்த அம்மா நிமிர்ந்தார். "உங்களைக் கேக்கல. அவங்களைக் கேட்டேன்."

வெண்டைக்காய்க்காரி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள், எண்ணெய் விரல் வழுக்கியது. நாற்பத்தெட்டு வயதில் முதல் தடவையாக அந்த நிலத்தைப் பற்றி ஒரு ஆபீசில் ஒருவர் அவளைப் பார்த்துக் கேட்கிறார். கூட்டிட்டு வா என்று சொல்லாமல், அவளையே கேட்கிறார்.

"இல்லைங்க" என்றாள்.

"என்ன இல்லை?"

"சம்மதம் இல்லைங்க. நான் விட்டுக்கொடுக்கல." குரல் அவளுக்கே கேட்கவில்லை. அதனால் இன்னொரு தடவை, சந்தையில் விலை சொல்கிற குரலில் சொன்னாள். "என் பங்கு எனக்கு வேணும்."

தம்பி, "அக்கா" என்று கையைப் பிடித்தான். பதிவாளர் அம்மா அவனைப் பார்த்த பார்வையில் கையை எடுத்துக்கொண்டான். பேனாவால் ஏதோ குறித்தார். "இந்தப் பத்திரம் பதிவாகாது" என்றார். பிறகு கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு அவளிடம் சொன்னார்: "பங்கு பிரிச்சு அளக்கச் சொல்லித் தாலுக்கா ஆபீஸ்ல எழுதிக் குடுங்க. நீங்களே போகலாம். யாரையும் கூட்டிட்டுப் போக வேண்டியதில்லை."

கதவோரத்தில் சூளைக்காரர் கோப்பை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "தகராறுல இருக்கிற நிலத்தை நான் தொடறதில்லை தம்பி" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

வாசலில் தம்பி கத்துவான் என்று அவள் எதிர்பார்த்தாள். அவன் கத்தவில்லை. கார்ச் சாவியை விரலில் மாட்டிக்கொண்டு, முகத்தைப் பார்க்காமல் சொன்னான்: "நான் செத்தாக்கூட வராத." கார் போய்விட்டது. புதுப் புடவை காரிலேயே போய்விட்டது.

சகோதரிகள் இரண்டு பேரும் பஸ்ஸில் ஏறினார்கள். உட்கார இடம் கிடைத்தது. ஊர் எல்லை தாண்டுகிறவரைக்கும் வெண்டைக்காய்க்காரி ஜன்னல் பக்கம் திரும்பி அழுதாள். ஜெயித்துவிட்டோம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. அரை ஏக்கர் மிச்சமானதற்குச் சந்தோஷப்படுவதா, தம்பி போனதற்கு ஒப்பாரி வைப்பதா என்று தெரியாமல் அழுதாள். பெரியவளின் மகள் கல்யாணத்துக்கு இனி அவன் வருவானோ மாட்டானோ, அந்தப் பாவமும் தன் தலையில்தானே என்று அதற்கும் சேர்த்து அழுதாள்.

"உன்னையும் கெடுத்துட்டேன்க்கா" என்றாள் கடைசியில், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

பெரியவள் தன் இரண்டு கைகளையும் மடியில் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாத்திரம் தேய்த்த கைதான், ஆனாலும் ரேகையெல்லாம் தெளிவாக இருந்தது. நடத்துநர் சீட்டுக் கொடுத்துவிட்டுப் போகிறவரைக்கும் பார்த்தாள்.

"போன மாசம் நான் வெச்சப்ப முதல் விரல்லயே பச்சை எரிஞ்சிடுச்சுடி" என்றாள். "அந்தம்மா என்னைப் பாக்காமலே கேட்டாங்க. அவன் சம்மதம்னான். நான் பேசாம நின்னுட்டேன்."